ஸ்கிரீனில் ஒரு கணக்கு, தண்ணீரில் வேறு கணக்கு: நீச்சல் குள ஆட்டோ டோசிங் கோளாறுகள், அறிகுறி வாரியாக

அபார்ட்மெண்ட் குளத்தில் ஆட்டோ டோசிங் (தானாகவே மருந்து ஊற்றும் கருவி) மாட்டிய முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சுவரில் ஒரு பெட்டி, அதில் பிஹெச் 7.4, ஓஆர்பி (தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் திறன், மில்லிவோல்ட்டில்) 720 என்று எழுத்து, கீழே இரண்டு குட்டி பம்ப் டிக் டிக் என்று ஹைப்போ என்ற குளோரின் திரவத்தையும், பிஹெச்சை இறக்கும் ஆசிட்டையும் தாங்களாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். நாலாவது மாதம் செக்ரட்டரியிடமிருந்து போன் வரும்: "சார், மெஷின்ல எல்லாம் கரெக்டா காட்டுது, ஆனா தண்ணி பச்சையா இருக்கே?"

நான் சென்னை ஓஎம்ஆர் பக்கம் சில குடியிருப்புகளின் குளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து நிரப்பும் குளங்கள், மே மாத வெயில், சொல்லாமல் போகும் கரண்ட். மெஷினோடு வரும் மேனுவலில் இந்த மூன்றைப் பற்றியும் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் எனக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. கணக்கு வரும் இடங்களில் குளம் ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்திருக்கிறேன். உங்கள் குளம் ஒன்றரை லட்சம் என்றால் ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் புரிந்துகொண்டால் போதும். அந்தப் பெட்டிக்குக் குளோரின் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது மில்லிவோல்ட் மட்டும். ஓஆர்பி ப்ரோப்பின் (தண்ணீரில் நிற்கும் உணரி) பிளாட்டினம் நுனி ஒரு மின்னழுத்தம் தருகிறது, பிஹெச் ப்ரோப்பின் கண்ணாடிக் குமிழ் இன்னொன்று தருகிறது, அதைப் பார்த்து பெட்டி பம்பை ஓட்டுகிறது, நிறுத்துகிறது. அவ்வளவுதான். நுனியில் எண்ணெய் படிந்திருந்தாலும், ஒயரில் ஈரம் ஏறியிருந்தாலும், அது தன் போக்கில் நம்பிக்கையோடு தப்பாக ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் செட் பாயிண்டில் (பெட்டி எட்ட வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் அளவு) கை வைக்காதீர்கள். முதலில் கையால் டெஸ்ட்.

டெஸ்ட் எடுக்கும்போதே தப்பு நடக்கும்

இன்லெட் (தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் வாய்) பக்கத்தில் மொள்ளக் கூடாது, அங்கே இப்போதுதான் ஹைப்போ கலந்த தண்ணீர் வரும். முழங்கை ஆழத்தில், இன்லெட்டை விட்டுத் தள்ளி ஒரு சாம்பிள். அப்புறம் ப்ரோப் மாட்டியிருக்கும் ஃப்ளோ செல் என்ற சின்னக் கூட்டின் குழாயிலிருந்து இன்னொரு சாம்பிள். இரண்டும் ஒரே அளவு காட்டினால் ப்ரோப் பார்ப்பது குளத்துத் தண்ணீரைத்தான் என்று அர்த்தம். வேறுபட்டால் கோளாறு தண்ணீரில் இல்லை, சாம்பிள் லைனில் இருக்கிறது. இந்த ஒரே சோதனை எனக்கு எத்தனையோ வீண் அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கடையில் மஞ்சள் சொட்டு, சிவப்பு சொட்டு என்று இரண்டு பாட்டிலோடு விற்கும் மலிவான கிட்டை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். மஞ்சள் நிறம் மொத்தக் குளோரினைத்தான் காட்டும், அதில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டிபிடி மாத்திரை வாங்குங்கள். 1ஆம் நம்பர் ஃப்ரீ குளோரின். அதே குப்பியில் 3ஆம் நம்பரையும் போட்டால் மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பைண்ட் குளோரின், அதாவது அழுக்கோடு சேர்ந்து செத்த குளோரின்.

டிபிடியிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் ரொம்ப அதிகமாகி 10 பிபிஎம்மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டினால் ரோஸ் நிறம் ஒரு நொடி மின்னிவிட்டு வெளுத்துப்போகும், குப்பி தெளிந்த தண்ணீராக நிற்கும், "குளோரினே இல்லை" என்று வாட்ச்மேன் இன்னொரு கேனைக் கவிழ்ப்பார். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நாலு பங்கு குடிநீர் கேன் தண்ணீர் கலந்து திரும்ப டெஸ்ட் செய்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். குளோரின் அதிகம் இருக்கும்போது பிஹெச் பார்க்கும் ஃபீனால் ரெட் சொட்டும் ஊதாவாக மாறி ஏமாற்றும். அது பிஹெச் ஏறிய நிறம் இல்லை.

கரண்ட் போய் வந்தபின் மூக்கைத் துளைக்கும் நெடி

வரிசைப்படி இது கடைசியில் வரவேண்டியது, ஆனால் ஆள் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் முன்னால் வைக்கிறேன்.

நடப்பது இதுதான். கரண்ட் போகிறது. திரும்ப வருகிறது. சர்க்குலேஷன் பம்பின் ஸ்டார்டர் விழுந்துவிட்டது, யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். ஆனால் கண்ட்ரோலர், அதாவது அந்தப் பெட்டி, சாதாரண பிளக் பாயிண்டில் இருப்பதால் தானாகவே உயிர்பெற்றுவிட்டது. ஃப்ளோ செல்லில் தேங்கிய தண்ணீரில் குளோரின் குறையக் குறைய அது ஹைப்போ ஊற்றச் சொல்கிறது, பிஹெச் ஏறினால் ஆசிட்டும் ஊற்றச் சொல்கிறது. ஓடாத பைப்புக்குள் இரண்டும் போய்ச் சேர்ந்து குளோரின் வாயுவாக மாறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து யாரோ பம்பைப் போட, அத்தனையும் ஒரே மூச்சில் இன்லெட் வழியாகக் குழந்தைகள் குளிக்கும் இடத்தில் வெளியே வருகிறது. கலிபோர்னியாவில் ஒரு பொதுக் குளத்தில் 2015ல் கிட்டத்தட்ட இப்படியே நடந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

தண்ணீர் ஓடாவிட்டால் டோசிங்கை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் துடுப்பு சுண்ணாம்பு படிந்து 'ஓடுகிறது' என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதை நான் இரண்டு இடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் முந்தைய ஆள் அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார், அலாரம் தொல்லையாம்.

சரிசெய்வது எப்படி: டோசிங் பம்புகளுக்குப் போகும் கரண்டை சர்க்குலேஷன் பம்பின் கான்டாக்டரிலிருந்தே எடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பம்ப் ஓடாவிட்டால் டோசிங்குக்குக் கரண்டே இருக்கக் கூடாது. ஃப்ளோ ஸ்விட்ச் அதற்கு மேல் இரண்டாவது காவல். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே பம்பை நிறுத்தி, டோசிங் சில நொடிகளில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பம்ப் நின்றிருந்த நேரத்தில் டோசிங் ஓடியதாகச் சந்தேகம் வந்தால், டோசிங்கை அணைத்துவிட்டு, குளத்திலும் கரையிலும் ஒருவர்கூட இல்லை என்று உறுதி செய்தபின்தான் பம்பைப் போட வேண்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து குளத்தை நோக்கி வீசும் இடத்தில் நில்லுங்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், பிளாண்ட் ரூம் பேஸ்மெண்டில் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். மூச்சு முட்டினாலோ இருமல் நிற்காவிட்டாலோ 108. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து நெஞ்சு அடைக்கலாம், அதனால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஸ்கிரீனில் ஓஆர்பி குறைவு, கையில் பார்த்தால் குளோரின் நிறைய

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். பெட்டி 580 காட்டுகிறது, ஹைப்போ பம்ப் நிற்காமல் ஓடுகிறது, டிபிடியில் 6 பிபிஎம். மெஷின் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் மெஷின் கெடவில்லை.

முதலில் பிஹெச் பாருங்கள். குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது: கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம், சோம்பேறியான ஹைப்போகுளோரைட் அயனி. பிஹெச் 7.5ல் இரண்டும் ஏறக்குறையப் பாதிப்பாதி. 8க்குப் போனால் வேலை செய்யும் பங்கு கால்வாசிதான் மிஞ்சும். ஓஆர்பி பார்ப்பது அந்தப் பங்கைத்தான். ஆகவே பிஹெச் 8.1 இருக்கும் குளத்தில் எவ்வளவு ஹைப்போ ஊற்றினாலும் அளவு ஏற மறுக்கும். பிஹெச்சை 7.3க்கு இறக்குங்கள், ஓஆர்பி தானாக மேலே வரும். கண்ட்ரோலரில் 'பிஹெச் முதலில்' என்ற மாதிரி ஒரு செட்டிங் இருந்தால் போட்டுவையுங்கள்.

பிஹெச் சரியாக இருக்கிறதா? அப்படியானால் அடுத்த சந்தேகம் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. "நாங்க ஸ்டெபிலைசரே போடறதில்லையே" என்பார்கள். ஆனால் ஸ்கிம்மரில் (மேல்தண்ணீர் அழுக்கைப் பிடிக்கும் கூடை) வெள்ளை மாத்திரை கிடக்கும். டிசிசிஏ 90 என்று விற்கும் அந்த மாத்திரையில் பாதிக்கு மேல் எடை சயனூரிக் அமிலம்தான். ஒரு கிலோ மாத்திரை ஒரு லட்சம் லிட்டரில் கரைந்தால் குளோரின் போய்ச்சேர்ந்த பிறகும் ஐந்தரை பிபிஎம் சயனூரிக் தங்கிவிடும். வாரம் ஒரு கிலோ என்றால் ஐந்து மாதத்தில் 110. ஃபில்டரைத் திருப்பிக் கழுவும் பேக்வாஷில் கொஞ்சம் வெளியே போகும், மற்றபடி வெயிலில் ஆவியாகாது, எதிலும் கரைந்து காணாமல் போகாது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றுவது இதன் நல்ல குணம், 30 முதல் 50 வரை இருந்தால் நன்றுதான். அதற்கு மேல் போனால் குளோரினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாது. டிபிடி அந்தக் கட்டிவைத்த குளோரினையும் சேர்த்து எண்ணும், ஓஆர்பி எண்ணாது. இரண்டும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

சயனூரிக் பார்க்க, அடியில் கருப்புப் புள்ளி உள்ள குழாய் ஒன்று கிட்டில் இருக்கும். மருந்து கலந்து கலங்கிய தண்ணீரைப் புள்ளி மறையும்வரை ஊற்ற வேண்டும். 100க்கு மேல் அந்தக் குழாயை நம்ப முடியாது, சாம்பிளில் பாதி குடிநீர் கலந்து இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் ஒரே வழி, தண்ணீரை மாற்றுவது. 120 இருந்தால் பாதி மாற்றினால் 60. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் கீழிருந்து வரும் அழுத்தத்தில் தரை வெடிக்கும், மொத்தக் குளமே தூக்கிக்கொள்ளவும் கூடும். எந்தக் காலமானாலும் மூன்றில் ஒரு பங்காக, தவணை முறையில் மாற்றுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள், ஹைப்போ மட்டும் போதும்.

மாத்திரை பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: டிசிசிஏ மாத்திரையையும் 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில், ஒரே ஃபீடரில் சேர்க்கவே கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

பிஹெச்சும் சயனூரிக்கும் சரி என்றால் ப்ரோப்பைக் கழற்றுங்கள். பிளாட்டினத்தின் மேல் சன்ஸ்க்ரீனும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த வழவழப்பு இருக்கும், விரல் வைத்தால் தெரியும். பழைய மெத்தென்ற டூத் பிரஷ், ஒரு பட்டாணி அளவு வெள்ளை டூத் பேஸ்ட், மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். (பிஹெச் ப்ரோப்பின் கண்ணாடிக்கு இந்த வைத்தியம் கூடாது, கீறல் விழும்.) அப்புறம் ஓஆர்பி கரைசலில் வைத்துப் பாருங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் ப்ரோப் நன்றாக இருக்கிறது. சுத்தம் செய்த உடனே குளத்தில் போட்டுவிட்டு அளவு தப்பு என்று கத்த வேண்டாம், நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும்.

ஓஆர்பி 750, ஆனால் பாசி

இது முன்னதன் தலைகீழ். முதலில் ஃப்ளோ செல்லைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும், அதில் முடியும் மணலும் அடைத்து தண்ணீர் சொட்டாகத்தான் வரும். ப்ரோப் நேற்றைய தண்ணீரைப் பார்த்து இன்றைய கணக்கு சொல்லும். அல்லது சாம்பிள் எடுக்கும் குழாய், பைப்பில் ஹைப்போ விடும் ஊசிக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருக்கும். தான் ஊற்றியதைத் தானே மோந்து பார்த்து 'குளத்தில் குளோரின் ஏராளம்' என்று முடிவு செய்துவிடும். சாம்பிள் எப்போதும் டோசிங் புள்ளிக்கு முன்னால்.

இரண்டாவது, யாராவது வேறு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஓஆர்பி எந்த ஆக்சிஜனேற்றியையும் எண்ணும், குளோரின் அல்லாத ஷாக் பவுடர் (அழுக்கை முறிக்க ஒரே தடவையில் மொத்தமாகப் போடுவது) போட்டாலும் அளவு ஏறும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானதே, நினைவிருக்கிறதா? யாரோ ஒப்பந்ததாரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார், அது குளோரினின் வேலையை முறித்துவிட்டது, கண்காணிப்புக் கருவியோ குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். அதேபோலப் பச்சையான பக்கத்துக் குளத்திலிருந்து ஏறக்குறைய 37 லட்சம் லிட்டரை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டியதாயிற்று. அங்கேயே அப்படி என்றால் நம் பி பிளாக் குளம் எம்மாத்திரம்.

பச்சை எல்லாம் பாசியும் இல்லை. தண்ணீர் தெளிவாக, கண்ணாடி போலப் பச்சையாக இருந்தால் அது செம்பு. காப்பர் சல்ஃபேட் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. கலங்கலாக, சுவர் வழுக்கினால் பாசி. புதிதாகப் போர் தண்ணீர் விட்டுக் குளோரின் போட்டதும் பழுப்பானால் இரும்பு. ஒரு வெள்ளைப் பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து ரெண்டு சொட்டு ஹைப்போ விட்டாலே தெரிந்துவிடும்.

பிஹெச் 7.0லேயே அசையாமல் நிற்கிறது, அல்லது கண்டபடி குதிக்கிறது

பிஹெச் ப்ரோப்பின் கணக்கு எளிது. 7ல் அது தருவது பூஜ்ய மில்லிவோல்ட். ஒவ்வொரு பிஹெச்சுக்கும், 25 டிகிரியில், சுமார் 59 மில்லிவோல்ட். எனவே ப்ரோப்போ ஒயரோ ஷார்ட் ஆனால் பெட்டி சமர்த்தாக 7.00 காட்டும். பார்க்க அழகான அளவு, அதனாலேயே மாதக் கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

வீட்டில் காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஜெம் கிளிப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரோப் ஒயரைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, அந்தச் சாக்கெட்டின் நடு ஓட்டையையும் வெளி உலோக வளையத்தையும் கிளிப்பால் தொடுங்கள். பிஹெச் 7 பக்கத்திலும், ஓஆர்பி சாக்கெட்டில் செய்தால் 0 பக்கத்திலும் வந்து நின்றால் பெட்டியின் உள்ளீடு பிழையில்லை, கோளாறு ப்ரோப்பில் அல்லது ஒயரில். கிளிப் வைத்தும் அளவு ஆடினால் பெட்டியைத்தான் சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனைக்கு முன்னால் புது ப்ரோப் வாங்காதீர்கள்.

ஒயர் முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் ஈரம். துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பிறகு 7 பஃபர், 4 பஃபர் (பிஹெச் நிச்சயமாகத் தெரிந்த கரைசல்கள்) இரண்டிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு என்றால் கண்ணாடிக் குமிழில் கீறல், குப்பைக்கு. இரண்டுக்கும் இடையே முழுதாக 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 150க்குக் கீழே போய்விட்டால் ஆயுள் முடிந்தது, சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு வருடம்தான். வெள்ளைப் படிவம் இருந்தால் நீர்த்த ஆசிட்டில் ஒரு நிமிடம் நனைத்து அலசுங்கள். துணியால் அழுத்தித் துடைக்காமல் டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். கழற்றி வைக்கும்போது மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் ஊறப்போடுவது ப்ரோப்பைக் கொல்லும் வழி, காயவிடுவது அதைவிட வேகமான வழி.

குதிக்கும் அளவு வேறு விஷயம். குளத்துத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்து அதில் ப்ரோப்பைப் போடுங்கள். பக்கெட்டில் அமைதி, லைனில் மாட்டினால் ஆட்டம் என்றால், தண்ணீரில் எங்கிருந்தோ மின்சாரம் கசிகிறது. ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பாருங்கள். ஒரு குளத்தில் மாலை ஆறரைக்கு மட்டும் பிஹெச் 6க்கும் 9க்கும் இடையே ஆடியது, மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் ஆறரைக்கு டைமரில் எரியும் நீருக்கடி விளக்கு. இதைக் கண்டுபிடித்த நிமிடமே ஆட்களை வெளியேற்றிக் குளத்தைப் பூட்டிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ப்ரோப்புக்குத் தெரியும் கசிவு நாளைக்கு ஆளுக்கும் தெரியும்.

பம்ப் ஓடுகிறது, கேன் குறையவில்லை

கேனின் பக்கவாட்டில் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இதைவிட நல்ல மீட்டர் இல்லை.

சுழலும் வகை பம்ப் என்றால் முன்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ட்யூபைப் பாருங்கள். தட்டையாகிவிட்டதா, வெடிப்பா? இங்கத்திய வெயிலில் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும், ஆறு மாதத்திலேயே போன ட்யூபும் உண்டு. டிக் டிக் என்று அடிக்கும் டயஃபிரம் வகை என்றால் ஏர் லாக். ஹைப்போ சூட்டில் தானாகவே குமிழி விடும், அது பம்ப் தலைக்குள் சிக்கிக்கொண்டு பம்ப் காற்றையே அடித்துக்கொண்டிருக்கும். பிரைமிங் திருகைத் திறந்து திரவம் வரும்வரை ஓட்டுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ஊசி, அதாவது பைப்பில் சொருகியிருக்கும் இன்ஜெக்ஷன் வால்வு. கடினத் தண்ணீரில் ஹைப்போ விழும் அந்த ஒரு புள்ளியில் பிஹெச் எகிறி, சுண்ணாம்பு கல்லாகப் படியும். கழற்றினால் முனையில் வெள்ளையாக மிளகு அளவில் ஒரு கல் இருக்கும். நீர்த்த ஆசிட்டில் போட்டால் நுரைத்துக் கரையும், ஆனால் அதற்கு முன் தண்ணீரில் பலமுறை அலசி, ஹைப்போ வாசனையே இல்லாமல் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன வாயுக் கதை உங்கள் கையிலேயே நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

கேன் குறைகிறது, ஆனாலும் குளோரின் ஏறவில்லை என்றால் ஹைப்போவே செத்திருக்கும். 10 சதவீதம் என்று எழுதி வரும், கடைக்காரரின் கொட்டகையில் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ. சோதிக்க ஒரு வழி: 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்றில், ஊசி இல்லாத சிரிஞ்சால் சரியாக அரை மில்லி ஹைப்போ விட்டுக் குலுக்கி டிபிடி பாருங்கள். 10 சதவீதம் என்றால் இரண்டரை பிபிஎம் வர வேண்டும். ஒன்றேகால் வந்தால் உங்களுக்குக் கொடுத்தது 5 சதவீதம். டெலிவரி வந்த அன்றே கடைக்காரர் எதிரில் செய்து காட்டுங்கள், அடுத்த முறை புதுச் சரக்கு வரும். (அந்தக் கேனை யாரும் குடிக்காமல் குளத்தில் கொட்டிவிடுங்கள்.)

பம்ப் நின்றிருக்கிறது, கேன் மட்டும் காலி

சைஃபன். கேன் உயரமான மேடையில், குளத்து நீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது, அல்லது ஊசியைப் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள், ட்யூபும் தேய்ந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தானாக வழிந்திருக்கும். கேனைத் தரைக்கு இறக்குங்கள், ஸ்பிரிங் வைத்த ஊசியாக மாற்றுங்கள், ஊசியை ஃபில்டருக்குப் பின்னால் தள்ளுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் ஊற்றாதே என்ற ஓவர்ஃபீட் நேர வரம்பு சைஃபனைத் தடுக்காது, ஆனால் ப்ரோப் பைத்தியம் பிடித்த நாளில் காப்பாற்றும், அதையும் போட்டுவையுங்கள்.

ஏறிய குளோரினை இறக்க வெயில் போதும், ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட். கடையில் கேட்கும்போது முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். போட்டோ கழுவிய காலத்து ஆட்களும் மீன் தொட்டிக்காரர்களும் அதையும் 'ஹைப்போ' என்றுதான் சொல்வார்கள், குளத்துக்காரன் ஹைப்போ கேட்டால் வருவது நேர் எதிரான சரக்கு.

ஆசிட் கேன் கேனாகப் போகிறது, பிஹெச் இறங்கவே இல்லை

பிஹெச்சைப் பார்க்காதீர்கள், ஆல்கலினிட்டியை (பிஹெச் இறங்குவதைத் தடுக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். போர் தண்ணீரில் 300, 400 எல்லாம் சாதாரணம். 80 முதல் 120 வரை வேண்டும். ஒரு லட்சம் லிட்டரில் 10 பிபிஎம் ஆல்கலினிட்டி இறக்க 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 2 லிட்டர் வேண்டும். 300லிருந்து 100க்கு வர 40 லிட்டருக்கு மேல். இதைக் குட்டி டோசிங் பம்ப் சொட்டுச் சொட்டாகச் செய்துகொண்டிருந்தால் ஆகிற வேலையா? அது ஊற்ற ஊற்றக் கரியமில வாயு வெளியேறி பிஹெச் திரும்ப ஏறும், நீர்வீழ்ச்சியும் ஜெட்டும் ஓடினால் இன்னும் வேகமாக. நிரப்பியவுடன் ஒருமுறை, ஆட்டோவை அணைத்துவிட்டு, சர்க்குலேஷன் ஓடும்போது, ஆள் இல்லாத இரவுகளில், ஒரு நாளைக்கு 3, 4 லிட்டராக, பக்கெட் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றிக் கலக்கி (ஆசிட்டில் தண்ணீர் அல்ல) ஆழமான பக்கம் சுற்றி ஊற்றிக் கைமுறையாக இறக்குங்கள். காலையில் பிஹெச் 7க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆல்கலினிட்டி 100க்கு வந்தபின் ஆட்டோவிடம் ஒப்படைத்தால் ஒரு கேன் எத்தனை நாள் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

கண் எரிகிறது, "குளோரின் வாடை தூக்குது"

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும் புகார் இதுதான், உடனே யாராவது ஹைப்போவைக் குறைக்கச் சொல்வார்கள். வாடை வருவது குளோரின் அதிகமானதால் அல்ல, போதாததால். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது. டிபிடி 1க்கும் 3க்கும் வித்தியாசம் 0.4ஐத் தாண்டினால் ஷாக் கொடுக்க வேண்டும், அளவு அந்த வித்தியாசத்தின் பத்து மடங்கு. 0.5 என்றால் 5 பிபிஎம். ஒரு லட்சம் லிட்டரில் 1 பிபிஎம்முக்கு 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டர், ஆக 5 லிட்டர், அதுவும் மொத்தமாக ஒரே இரவில். பாதியில் நிறுத்தினால் வாடை இன்னும் மோசமாகும். அன்று இரவு டோசிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் பெட்டி ஓவர் அலாரம் கொடுத்து வாட்ச்மேனைப் பயமுறுத்தும். ஃப்ரீ குளோரின் 3க்குக் கீழே வந்ததும் திறக்கலாம்.

பெட்டியே இறந்துவிட்டது

மூடியைத் திறந்து போர்டைப் பாருங்கள். செப்புக் கோடுகள் பச்சையாக, திருகுகள் துருப்பிடித்துப் பொடிந்திருந்தால் ஆசிட் ஆவி. ஆசிட் கேனைப் பெட்டிக்கு நேர் கீழே வைத்து, மூடியை ட்யூப் நுழைய ஓட்டை போட்டுத் திறந்தே விட்டிருப்பார்கள். புது போர்டு மாட்டினாலும் அதே கதிதான். ஆசிட் கேன் ஒரு மூலையில், ஹைப்போ கேன் எதிர் மூலையில், இரண்டுக்கும் தனித்தனித் தட்டு, ட்யூப் நுழையும் இடத்தில் இறுக்கமான ரப்பர், சுவரில் ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் பிறகு போர்டை மாற்றுங்கள்.